பித்தான்கள்

காஸ்ட்ரோ துறையில் மழை நின்று
பதினோரு நிமிடம் ஆகிறது.
வீட்டுக்கு அடியில் கடல் வற்றிவிட்டது.
கால்மரங்களில் பாசி சொட்டுவது
பலகை இடுக்கு வழியே கேட்கிறது.
கம்பைலர்
முப்பத்தேழு விழுக்காட்டில் முக்குகிறது.

நொல்பெர்டோவின் போன் என் மேசைமேல்.
புவேர்ட்டோ மோன்ட்டில் மூன்றாங்கையாக வாங்கியது.
கண்ணாடியில் ஒரு விரிசல்,
விரிசலுக்குள் ஒரு மீன்செதில்.
நேற்று நான் போட்டுக்கொடுத்த செயலி
திறந்த வேகத்தில் மூடிக்கொண்டது.
"உன் நிரலுக்கு என்னைப் பிடிக்கவில்லை, யாஸ்னா."
பிடிக்காமல் என்ன.
நான் கட்டியது அறுபத்துநான்கு பிட்டுக்கு.
அவர் கையில் இருப்பது அதில் பாதி.

ஆகவே முதலிலிருந்து.

வாங்க வருகிறவர்
ஒரு சாண் கயிற்றைத் தூக்கிப் பார்ப்பார்.
ஒட்டியிருக்கும் சிப்பிக்குஞ்சுகளுக்கு
குத்துமதிப்பாக ஓர் எண் சொல்வார்.
குத்துமதிப்பு என்றைக்கும்
ஒரு பக்கம்தான் குத்தும்.
எண்ணத் தெரிந்த கண் ஒன்று வேண்டும்,
அதுவும் இந்தப் போனுக்குள் அடங்க வேண்டும்.

நூலகம் என்கிறோம், உள்ளே ஒரு புத்தகம் இல்லை.
யார் யாரோ எழுதி, யார் யாரோ திருத்தி
விலை ஒட்டாமல் விட்டுப்போன வரிகள்.
விளிம்பு தேடுகிற கோப்பின் நடுவில்
ஒரு குறிப்பு:
'இது ஏன் சரியாக வருகிறதென்று தெரியவில்லை.
தயவுசெய்து தொடாதீர்கள்.'
பெயர் இல்லை. தேதி இருந்தது:
டிசம்பர் முப்பத்தொன்று, இரவு பதினொன்றரை.
உலகம் பட்டாசு கொளுத்தும் நேரத்தில்
ஒருவர் விளிம்பு தேடிக்கொண்டிருந்திருக்கிறார்.
நான் தொடவில்லை.

முகம் அறிகிற பகுதியை அணைத்தேன்,
சிப்பிக்கு ஏது முகம்.
காணொளியை, முப்பரிமாணத்தை,
சிரிப்பைக் கண்டுபிடிக்கும் ஏதோ ஒன்றைக்கூட.
தொண்ணூறு மெகாபைட் பார்வையிலிருந்து
ஆறு மெகாபைட் மிஞ்சியது.
பார்க்க இவ்வளவு போதுமா என்று
ஒரு கணம் பயமாகவும் இருந்தது.

தொண்ணூற்றொன்றில் நின்றது.
வரையறுக்கப்படாத குறியீடு.
கூப்பிட்ட பெயருக்கு
யாரும் எழுந்து வரவில்லை என்று பொருள்.
அரைமணி நேரம் கண்ணில் எண்ணெய் விட்டுத் தேடினேன்.
படத்தைத் திறக்கும் பகுதியை
சிக்கனம் சிக்கனம் என்று
நானே அணைத்திருக்கிறேன்.
திறக்காத படத்துக்குள் எண்ணச் சொன்னால்
அது மட்டும் என்ன செய்யும்.

அப்போது பார்த்து மின்சாரம் போனது.
பேட்டரி பதினான்கு.
ஒரே நேரத்தில் எட்டு வேலை பார்த்ததை
ஒன்றாக்கினேன்.
அடுப்பில் ஈரவிறகு சீறியது.
தரைக்கடியில் கடல் திரும்பி வந்து
முதல் கால்மரத்தைத் தொட்டபோது
திரையில் நூறு.
பேட்டரி மூன்று.

காலையில் படகில்
அவர் கயிற்றை மார்போடு சேர்த்துப் பிடித்தார்.
நான் போனைத் தூக்கினேன்.
முந்நூற்றுப் பதினெட்டு, என்றது.
நம்பவில்லை அவர். நம்பவும் கூடாது.
பெருவிரல் நகத்தால் ஒவ்வொன்றாகத் தட்டி
இரண்டு முறை எண்ணினார்:
முந்நூற்றுப் பதினொன்று.

ஏழு கூட.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.
அவருடைய மழைக்கோட்டில் ஏழு கறுப்புப் பித்தான்கள்,
ஈரத்தில் பளபளவென்று,
ஒவ்வொன்றையும் சுற்றி
என் செயலி வரைந்த பச்சை வட்டம்.

"இருக்கட்டும் விடு," என்றார்,
"இத்தனை வருஷம் அவன் எடுத்துக்கொண்டதற்கு
ஏழு பித்தான் ஒரு கணக்கா?"
அவர் சிரித்தது படகை ஆட்டியது.
எனக்குச் சிரிப்பு பாதிதான் வந்தது.

வீடு வந்து வட்டத்தின் வரம்பை இறுக்கினேன்.
அந்த வரிக்கு மேலே எழுதினேன்:
'மழைக்கோட்டுப் பித்தான்கள் சிப்பி அல்ல.'
தேதி போட்டேன். பெயர் போடவில்லை.
வாங்கிய இடத்திலேயே
திருப்பி வைத்தேன்.

கடலே பார்த்திராத எவரோ
ஒரு நாள் இந்த வரிக்கு வந்து
புருவம் சுருக்குவார்.
தொடமாட்டார் என்று நினைக்கிறேன்.